மஞ்சள் பூசிய பிள்ளை

கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இதை எங்கள் ஊரில் சொன்னால், "அதுக்குக் கண்ணாடி போட்டுவிடுவியா?" என்று கேட்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. முதல் சில ஆண்டுகள் நான் செய்த வேலை அதைவிடக் கௌரவமானது என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு பெரிய நகரத்தில், பெரிய கடைகளின் கூரையில் தொங்கும் கேமராக்களுக்காக உழைத்தேன். ஒரு பெண் ஷாம்பு அடுக்கின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாள், எந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள் என்று கம்ப்யூட்டர் எங்களுக்குச் சொல்லும். அது சரியாகச் சொன்ன நாளில் கேக் வெட்டினோம். எனக்கு மட்டும் அந்தப் பெண் அதை ஏன் திரும்ப வைத்தாள் என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய முகத்தையோ நாள் முழுவதும் பார்த்துவிட்டு, அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வீடு திரும்புவது ஒரு கட்டத்தில் சலித்துப்போனது.

அதை விட்டுவிட்டு ஒரு சிறிய ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தேன். அங்கே கைபேசிக் கேமராவை வைத்துப் பச்சைக் குழந்தைகளின் காமாலையைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் உடம்பு மஞ்சளிப்பது சகஜம். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் காது கேட்காமல் போகலாம், மூளை கெடலாம், உயிரே போகலாம். கவனித்துவிட்டால் வைத்தியம் எளிது. நீல வெளிச்சத்துக்குக் கீழே ஓரிரு நாள் படுக்கவைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் மஞ்சள் உச்சத்துக்குப் போகும். அப்போது பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். ஆனால் போன் இருக்கும்.

குழந்தையின் நெஞ்சில் ஒரு சின்ன நிற அட்டையை வைத்துப் படம் எடுக்க வேண்டும். அட்டையில் உள்ள நிறங்களோடு தோலின் நிறத்தை ஒப்பிட்டு, போன் பச்சை வட்டமோ சிவப்பு வட்டமோ காட்டும். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. நகரத்து மருத்துவமனையில் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. கிராமத்தில் சோதிக்க ஒரு மாவட்டம் வேண்டும் என்றார்கள். நான் முந்திக்கொண்டு எங்கள் மாவட்டத்தைச் சொன்னேன். ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை போகிற வழியில் எங்கள் ஊர். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மிளகாய். பிறந்த மண்ணுக்கு ஏதோ செய்யப்போகிறேன் என்ற மிதப்பில், தலைகால் புரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டில் வந்து இறங்கினேன்.

அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் ஒரே செவிலியர். முப்பது வயது இருக்கும், என்னைவிட இளையவர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்த்துவிட்டு வருவார். எல்லோருக்கும் அவர் நர்சம்மா. நான் அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, போனையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் வீட்டில் சிவப்பு வட்டம். இரண்டாவது வீட்டிலும் சிவப்பு. மூன்றாவது வீட்டிலும் சிவப்பு. இந்த ஊர்த் தண்ணீரில் ஏதும் கோளாறா என்றுகூட யோசித்தேன். நர்சம்மா குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேடம், மஞ்சத் தேச்சுக் குளுப்பாட்டுன பிள்ளையப் போயி மஞ்சளா இருக்குங்குது ஒங்க போனு."

எனக்கு மூக்கு உடைந்துபோனது. எங்கள் பக்கம் பாசிப்பயற்று மாவும் மஞ்சளும் குழைத்துத் தேய்க்காமல் எந்தப் பெண் குழந்தையையும் குளிப்பாட்டுவதில்லை. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஒரு வயது வரைக்கும் நான் போட்ட சட்டை, படுத்த துணி எல்லாம் மஞ்சள் கறை என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இவ்வளவும் தெரிந்த நான்தான், நிறத்தைப் பார்க்கும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்திருந்தேன். வெளியூர்க்காரர் யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம்.

மஞ்சள் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு மஞ்சத் தேய்க்காம? நல்லாருக்குடி நீ படிச்ச படிப்பு" என்றாள். நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஊரை மாற்றுவதைவிடக் கம்ப்யூட்டரை மாற்றுவது எளிது என்று நினைத்தேன். அது எனக்குக் கைவந்த வேலை.

வீடு வீடாகப் போய், குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று எடுத்துச் சேர்த்தேன். பூசிய மஞ்சள் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினேன். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் திட்டுத் திட்டாகத் தங்கும், புருவத்தில் ஒட்டியிருக்கும், இப்படியெல்லாம். இதைக் கண்டால் கழித்துவிட்டுக் கணக்கிடு என்று கற்றுக்கொடுத்தேன். சில மாதங்களில் அது கற்றுக்கொண்டது. சிவப்பு வட்டங்கள் மறைந்து எல்லா வீட்டிலும் பச்சை வந்தது. நர்சம்மா போய்ப் பார்த்தால் அந்தக் குழந்தைகளும் நன்றாகவே இருந்தன. குழுவின் கூட்டத்தில் எனக்குப் பாராட்டு. தொழில்நுட்பம் மக்களின் பழக்கவழக்கத்தை மதிக்க வேண்டும் என்று நான் எழுந்து நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அந்த நேரத்தில் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அவள் கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தார். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது, சுகப் பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கே அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் கிடத்தி, மஞ்சளைத் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். சாம்பிராணி காட்டி, கன்னத்தில் மை வைத்துத் தங்கையின் கையில் கொடுத்தாள். தங்கம் மாதிரி இருக்கிறாள் என்று நானே சொன்னேன்.

மறுநாள் காலையில் தங்கை, "அக்கா, ஒன் போன்ல நம்ம பாப்பாவையும் ஒரு படம் பாரேன்" என்றாள். அவள் கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சில் அட்டையை வைத்து எடுத்தேன். பச்சை வட்டம். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் காட்டினாள். "எங்க மூத்தவ செஞ்ச மிசினு. பிள்ளை நல்லாருக்குன்னு சொல்லிருச்சு."

அதற்கடுத்த நாள் நர்சம்மா வந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசலிலேயே அம்மா பேத்தியின் அருமை பெருமைகளை ஆரம்பித்துவிட்டாள்.

"அப்படி ஒரு தங்கமான பிள்ளை தாயி. அழுகவே மாட்டேங்குறா. படுக்கப் போட்டது போட்ட மாதிரி தூங்குறா. வீட்ல பிள்ளை இருக்கதே தெரியல."

நர்சம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "அழுகலையா? பால் எப்பக் குடிச்சுச்சு?"

"காலையில வாய் வச்சா" என்றாள் தங்கை. "ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிட்டா. எழுப்பி எழுப்பிப் பாத்தேன்."

நர்சம்மா கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அது முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது. ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்தார், பஞ்சு மஞ்சளானது. நெற்றியும் மஞ்சளாகவே இருந்தது. பிறகு சுண்டுவிரலால் குழந்தையின் உதட்டை விலக்கி, ஈறை லேசாக அழுத்தி எடுத்து, அங்கே ரத்தம் விலகிய இடத்தைப் பார்த்தார். அங்கும் மஞ்சள். ஈறில் யாரும் மஞ்சள் தேய்ப்பதில்லை.

"இது எனக்குச் சரியாப் படல. ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். இப்பவே."

"எங்க மூத்தவ நேத்துத்தான பாத்தா, நல்லாருக்குன்னு வந்துச்சே" என்றாள் அம்மா. தங்கை என்னைப் பார்த்தாள்.

அடுத்து நான் செய்ததைப் பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன். போனை எடுத்தேன். நர்சம்மா கைகளில் இருந்த குழந்தையின் நெஞ்சில் அட்டையை வைத்து இன்னொரு முறை படம் எடுத்தேன். மறுபடியும் பச்சை. எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதி அடைந்தது. குழந்தை நலம் என்ற நிம்மதியாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கருவி சரிதான் என்ற நிம்மதி அது. கையில் துவண்டு கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு, அரை நிமிடம் நான் போனின் பக்கம் நின்றேன்.

நர்சம்மா போனைப் பார்க்கவே இல்லை. என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "அக்கா, மஞ்சத் தேச்ச பிள்ளைக்குக் காமாலையும் சேந்து இருந்தா எப்படி இருக்கும்னு அதுக்குக் காமிச்சுருக்கீகளா?"

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காமாலை வந்த குழந்தைகளின் படங்கள் எல்லாம் நான் நகரத்து மருத்துவமனையில் வாங்கியவை. அங்கே யாரும் மஞ்சள் பூசுவதில்லை. மஞ்சள் பூசிய குழந்தைகளின் படங்கள் எல்லாம் எங்கள் ஊர் வீடுகளில் எடுத்தவை. அவை எல்லாம் நலமான குழந்தைகள். இரண்டும் சேர்ந்த ஒரு குழந்தைகூட என்னிடம் இல்லை. கம்ப்யூட்டர் காமாலையை வேறாகவும் மஞ்சளை வேறாகவும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளவே இல்லை. மஞ்சள் பூசியிருந்தால் பிள்ளை நலம், அவ்வளவுதான் அது கற்றுக்கொண்டது. நான்தான் அப்படிக் கற்றுக்கொடுத்தேன். இரண்டும் சேர்ந்த முதல் குழந்தை என் தங்கையின் குழந்தை.

"போன் சொல்றது தப்பு" என்றேன். அம்மாவின் பக்கம் திரும்பினேன். மறுபடி சொன்னேன். "அம்மா, போன் தப்பு. நான் சொன்னது தப்பு. கிளம்புங்க."

பக்கத்துத் தெருவில் ஒரு வேன் இருந்தது. உச்சி வெயிலில் ராமநாதபுரத்துக்குப் புறப்பட்டோம். அம்மா வழியெல்லாம் எங்கள் குலசாமியை வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நான் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் எங்களிடம் பேசுவதற்கு முன்னால் அங்கிருந்த செவிலியரிடம் திரும்பி, "உடனே லைட்ல போடுங்க" என்றார். பிறகு எங்களிடம், "இன்னிக்கு வந்தீங்க, சரி" என்றார். நாளை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காது பாதித்திருக்கிறதா என்று பின்னால் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கண்களைத் துணியால் மூடி, நீல வெளிச்சத்துக்குக் கீழே அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே தங்கையும் நானும் நின்றோம். பிள்ளை பெற்று ஐந்தே நாளான உடம்பு. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒன் மேல கோவமில்லக்கா" என்றாள். "நேத்தே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. பால் குடிக்கல, தொவண்டு போயிக் கெடந்தா. அம்மாகிட்டச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அப்புறம் நீ நல்லாருக்குன்னு சொல்லிட்டியேன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் நாங்க பிள்ளையவே பாக்கலக்கா."

அழுதேன். அந்தத் தாழ்வாரத்தில் வருவோர் போவோர் எல்லாம் பார்க்க, நாற்பது வயதுப் பெண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதேன். கடைசியில் பிள்ளை பெற்றவள்தான் எனக்கு முதுகைத் தடவிவிட்டாள்.

மூன்று நாளில் குழந்தை வீடு திரும்பினாள். வந்த அன்றைக்கே வீடு அதிர அழுதாள். அம்மா அடுப்படியிலிருந்து, "அழுகட்டும், நல்லா அழுகட்டும்" என்றாள்.

காதுப் பரிசோதனைக்குத் தேதி வரும் வரை நான் நகரத்துக்குத் திரும்பவில்லை. வேலையை எல்லாம் வீட்டிலிருந்தே பார்த்தேன். நேரம் கிடைத்தபோதெல்லாம் தொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று கைதட்டினேன். கரண்டியால் ஒரு தட்டில் தட்டினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். அவள் திரும்பினாளா, காற்றுக்கு அசைந்தாளா என்று எனக்கு நம்பிக்கை வராது, மறுபடி தட்டுவேன். கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவள், ஒரு சிசுவின் தலை திரும்பியதா இல்லையா என்று என் கண்ணையே நம்ப முடியாமல் இருந்தேன். "போதும்க்கா, பிள்ளை பயந்துக்கிறப் போகுது" என்று தங்கை என்னை விரட்டுவாள். பரிசோதனையில் இரண்டு காதும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதை நான் பரிசோதனை செய்த அம்மாளிடம் மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

பிறகு குழுவின் கூட்டத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். இரண்டும் சேர்ந்த குழந்தைகளின் படங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்றேன், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நெஞ்சில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் படாமல் விடச் சொல்லலாம் என்றேன். அது என் அம்மாவின் யோசனை, பழக்கத்தை விடாமல் படத்துக்கு மட்டும் இடம் விடுவது, அதையும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதாக, பச்சை வட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்றேன். அங்கேதான் சண்டை வந்தது.

"நலம் என்று சொல்லாத கருவியை யார் பயன்படுத்துவார்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். படம் எடுக்கிற தாய் அந்த ஒரு சொல்லுக்காகத்தானே எடுக்கிறாள்? இருந்தும் நான் விடவில்லை. இந்தப் போன் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லட்டும், தப்பாகச் சொன்னால் ஒரு நடை வீண், அவ்வளவுதான். போக வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை என்றேன். மேசையைத் தட்டிப் பேசினேன் என்று பின்னால் சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. பல கூட்டங்களுக்குப் பிறகு பச்சை வட்டம் போனது. அது இருந்த இடத்தில் இப்போது சில கேள்விகள் வருகின்றன: பால் குடிக்கிறதா, அழுகிறதா, எழுப்பினால் விழிக்கிறதா, நர்சம்மா வந்து பார்த்தாரா. கேள்விகளை நர்சம்மாவும் என் தங்கையும் எழுதினார்கள். என் பங்கு எழுத்துப்பிழை திருத்தியது.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. தெருமுனையில் ஐஸ்காரரின் ஹாரன் எங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடும்.

போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார். பிள்ளை பெற்று நான்கு நாளான சின்னப் பெண், சிலுவைப் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் நெஞ்சில் என் அம்மா சொன்ன அளவுக்கு இடம் விட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். அட்டையை வைத்துப் படம் எடுத்தேன். சிவப்பு வரவில்லை.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "பிள்ளை நல்லாருக்குன்னு போட்டுருக்காக்கா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தேன்.

"அதுக்கு அது தெரியாதும்மா" என்றேன். "நீ சொல்லு. காலையிலேருந்து நல்லாக் குடிச்சாளா?"

அவள் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.